இத்தாலியன் படிக்க விரும்புகிறவர்களுக்கு

1

மயிலிட்டியில் இருந்து ஜெனோவாவுக்கு வந்து இந்த மாரிகாலத்தோடு நாலு வருஷம் ஆகிறது. அதைக் கொண்டாட இங்கே ஒருவரும் இல்லை. எனக்கும் அந்த ஆசை கிடையாது. ஆனால் பண்டத்தரிப்பில் ஒருவருக்கு என் நினைவு வந்திருக்கிறது. முத்துவேலர் மாஸ்டர் ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர். இப்போது தங்கள் ஊர் வாசிகசாலை ஒன்றுக்குத் தலைவராம். வாசிகசாலையின் வெள்ளிவிழா மலருக்கு நான் ஒரு கட்டுரை அனுப்பவேண்டும் என்று எழுதியிருந்தார்.

"எமது இளைஞர்கள் பலர் இத்தாலி தேசம் நோக்கிப் புறப்படும் ஆவலில் இருக்கின்றனர். அம்மொழியைக் கற்க உதவும் நூல்கள், பத்திரிகைகள், வானொலி என்பவை பற்றியும், அந்நாட்டாரின் கலை, கலாசாரம் பற்றியும் பயனுள்ள முறையில், பண்பான நடையில் எழுதி உதவுக" என்பது கடிதம். கீழே வேறு மையில் ஒரு வரி: "தங்களுக்கு முதன்முதலில் இத்தாலியன் கற்பித்தவன் அடியேன் என்பதையும் பொருத்தமான ஓரிடத்தில் குறிப்பிடலாம்."

பொருத்தமான இடம் கீழே வருகிறது. மாஸ்டர் பொறுமையாக வாசிக்கவேண்டும்.

பண்பான நடையை மட்டும் என்னிடம் எதிர்பார்க்க வேண்டாம். நான் இந்த நகரத்தில் மூன்று வீடு கூட்டித் துடைக்கிறேன். இவர், அதாவது என் கணவர், கப்பல் பழுதுபார்க்கும் துறையில் இரும்பு ஒட்டுகிறார். எங்களுக்கு ஒரு மகள், சுகந்தி, வயது ஒன்பது. கலை கலாசாரம் பற்றி நாங்கள் மூவரும் இருந்து கதைத்த நாள் எனக்கு நினைவில்லை. அதனால் கடிதத்துக்குப் பதில் போடாமலே விட்டிருந்தேன். போன கிழமை சுகந்தியின் பள்ளிக்கூடத்தில் நடந்த சம்பவத்துக்குப் பிறகுதான், இத்தாலியன் படிப்பது பற்றி எனக்கும் சொல்ல ஏதோ இருக்கிறது என்று தோன்றியது. முழுவதையும் எழுதுகிறேன். வெட்ட விரும்பினால் மாஸ்டர் வெட்டட்டும். மலரில் அவருடைய படத்தைப் பெரிதாகப் போட இடம் கிடைக்கும்.

2

இவர் கப்பலில் எஞ்சின் அறையில் வேலை செய்தவர். கப்பல் கொம்பனி முறிந்து, கப்பல் ஜெனோவாத் துறைமுகத்தில் கட்டிக் கிடந்தது. மற்றவர்கள் ஊர் திரும்பினார்கள். இவர் அங்கேயே வேலை ஒன்று பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார். பிறகு எங்களைக் கூப்பிட்டு எழுதினார்: "வரமுதல் நாலு சொல்லாவது படிச்சுக்கொண்டு வா. இஞ்சை ஒருத்தனுக்கும் இங்கிலிஷ் தெரியாது. கைப்பாஷையிலை எத்தினை நாளைக்குச் சீவிக்கிறது."

நாலு சொல் எங்கே கிடைக்கும். நான் யாழ்ப்பாணப் பட்டணத்துப் புத்தகக் கடை எல்லாம் ஏறி இறங்கினேன். வெளிநாட்டுச் சாமான் எதுவும் வராத காலம் அது. மிளகாய்க்கும் வெங்காயத்துக்கும் நல்ல விலை இருந்தது, ஆனால் காசைக் கொடுத்தாலும் பிறநாட்டுப் புத்தகம் கிடையாது. ஒரு கடைக்காரர் மட்டும் அலுமாரியின் அடியில் தேடி, தூசி தட்டி ஒன்றை எடுத்தார்.

"இத்தாலியன் இல்லைத் தங்கச்சி. ஜேர்மன் இருக்கு. எல்லாம் அந்தப் பக்கம்தானே?"

"காங்கேசன்துறைக்குப் போறவள் திருகோணமலைக்கு ரிக்கற் எடுக்கிறதோ அண்ணை?"

அவர் கோபிக்கவில்லை. விலையில் கொஞ்சம் குறைத்துத் தரலாம் என்றார்.

கடவுச்சீட்டு அலுவலாகக் கொழும்புக்குப் போனபோது, இத்தாலி சம்பந்தமான ஓர் அலுவலகத்திலும் கேட்டுப் பார்த்தேன். கழுத்துப்பட்டி கட்டிய ஒருவர் வழுவழுப்பான தாளில் ஒரு சாய்ந்த கோபுரத்தின் படத்தைத் தந்தார். அதன் பின்புறம் முழுவதும் இங்கிலிஷ். மொழிக்கு ஏதாவது, என்றேன். "மொழி எதற்கு அம்மா, சிரித்தால் போதும், அவர்கள் நல்ல சனங்கள்" என்றார். அவர் இத்தாலிக்குப் போனதில்லையாம். போனவராக இருந்தால் அப்படிச் சொல்லியிருக்கமாட்டார். அன்றைக்கு என் பயணத்தில் உருப்படியாகக் கிடைத்தது நடைபாதையில் பழைய புத்தகம் விற்கிறவனிடம் வாங்கிய கையகல அகராதி ஒன்று. இங்கிலிஷும் இத்தாலியனும். 'எஸ்' எழுத்துக்குப் பிறகு தாள்கள் இல்லை.

இனி மாஸ்டரின் இடம்.

பண்டத்தரிப்பில் ஒருவருக்கு லத்தீன் தெரியும் என்று யாரோ சொல்ல, சனிக்கிழமைகளில் பஸ் ஏறிப் போனேன். முத்துவேலர் மாஸ்டர் சாய்மனைக் கதிரையில் இருந்தபடி சொன்னார்:

"லத்தீன் தாய், இத்தாலியன் மகள். தாயைத் தெரிஞ்சால் மகள் தானா வருவாள். விளங்குதோ பிள்ளை?"

தாய் வினைச்சொல்லை ஆறு விதமாகச் சொன்னாள். நான் ஆறையும் பாடமாக்கினேன். அடுத்த சனிக்கிழமை இன்னோர் ஆறு. ஒருநாள் கேட்டேன்:

"மாஸ்டர், கடையிலை அரிசி என்ன விலை எண்டு எப்பிடிக் கேக்கிறது?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, "ரோமர் அரிசி சாப்பிடேல்லை" என்றார். சற்றுப் பொறுத்து, "நீங்கள் கடற்கரைச் சனங்கள், விலை கேக்கிறதிலைதான் புத்தி போகும். உது இலக்கணம் பிள்ளை" என்றும் சொன்னார்.

அந்த வீட்டில் அவருக்குத் தேத்தண்ணீர் கோப்பையில் வரும். எனக்கு வருவது தகரப் பேணியில். குடித்து முடிந்ததும் நானே கிணற்றடியில் கழுவி, வாசலுக்கு வெளியே கவிழ்த்து வைக்கவேண்டும். அது எந்தப் பாஷையில் எந்த இலக்கணம் என்று அவர் சொல்லித் தரவில்லை. மூன்றாவது பேணியோடு நான் போவதை நிறுத்திக்கொண்டேன். மாஸ்டர் எனக்கு இத்தாலியன் கற்பித்த வரலாறு இவ்வளவுதான். மலரில் அப்படியே போடலாம்.

வானொலி பற்றிக் கேட்டிருந்தார். என் அண்ணையிடம் ஒரு பழைய ரேடியோப் பெட்டி இருந்தது. பின்னேரங்களில் சிற்றலையில் முள்ளை மயிரளவாக நகர்த்தினால், இரைச்சலுக்குள் இருந்து ஒரு பெண்ணின் குரல் வரும். ஒரு சொல்லும் விளங்காது. ஆனால் ஒன்று கவனித்தேன்: அவள் சொல்கிற சொல்லெல்லாம் ஆ, ஏ, ஈ, ஓ என்று உயிரில் போய் முடிந்தது. அது எனக்குத் தைரியம் தந்தது. அம்மா மீன் வெட்டிக்கொண்டே, "உவையள் ஏன் உப்பிடிச் சண்டை பிடிக்கினம்?" என்று கேட்பா. "சண்டை இல்லையணை, காலநிலை வாசிக்கினம்" என்பார் அண்ணை. அவருக்கும் தெரியாது.

கடைசியில் எனக்கு இத்தாலியன் வந்தது சாப்பாட்டுக் கோப்பைகளைச் சுற்றிக்கொண்டு. எங்கள் ஒழுங்கையில் சின்னராசா என்று இவருடைய கப்பல் சிநேகிதர் ஒருவர். லீவில் வந்தபோது இத்தாலியில் இருந்து மனைவிக்கு ஒரு பீங்கான் செற் கொண்டுவந்தார். ஒவ்வொரு கோப்பையும் உடையாமல் ஒரு தாளில் சுற்றியிருந்தது. அவருடைய மனைவி கோப்பையைத் தூக்கிப் பிடித்துப் பார்த்தபோது, நான் நிலத்தில் கிடந்த தாள்களைப் பொறுக்கி நிமிர்த்தினேன். அவளுக்கு என்னைப் பார்க்கப் பரிதாபமாக இருந்திருக்கும்.

அந்தத் தாள்களில் இருந்தவை படத்தால் சொல்கிற காதல் கதைகள். வரைந்த படம் அல்ல, உண்மையான ஆண்களையும் பெண்களையும் நிற்கவைத்து எடுத்த புகைப்படங்கள். அவர்கள் வாயில் இருந்து புகைபோலக் கிளம்பும் வட்டத்துக்குள் பேச்சு. இத்தாலியில் வீட்டுக்கு வீடு பெண்கள் அதைத்தான் வாசிக்கிறார்கள், வாசிப்பதில்லை என்றும் சொல்கிறார்கள். ஒருத்தி கதவைப் பிடித்துக்கொண்டு அழுகிறாள், ஒருத்தன் தொப்பியை எடுக்கிறான், அவள் வாயில் நாலு சொல். படமே அரைவாசி சொல்லிவிடும். மிச்சத்துக்கு அகராதி. 'எஸ்' எழுத்துக்குப் பிறகான சொல்லென்றால் ஊகம். "நொன் தொக்கார்மி", என்னைத் தொடாதே. "தூத்தோ எ ஃபினீத்தோ", எல்லாம் முடிந்துவிட்டது. கோப்பைகளுக்கு ஏற்றபடி தாள் கிழிந்திருந்ததால் ஒரு கதைக்கும் முடிவு கிடையாது. ஆனால் பிளேன் ஏறும்போது எனக்கு நானூறு ஐந்நூறு வாக்கியம் மனப்பாடம். இவருக்கு எழுதினேன்: பயப்படவேண்டாம், நான் கதைப்பேன்.

3

முதலில் கதைத்த இடம் வெளிநாட்டார் பொலிஸ் கந்தோர். தங்குவதற்கு அனுமதி அங்கேதான் எடுக்கவேண்டும். வரிசையில் ஒரு விடியற்காலை நின்று உள்ளே போனால், முத்திரைத் தாளில் எழுதிக்கொண்டு வா என்று திருப்பிவிடுவார்கள். முத்திரைத் தாள் விற்பது சுருட்டுக் கடையில். அரசாங்கத்துக்கு எழுதும் தாளைப் புகையிலைக்குப் பக்கத்தில் வைத்து விற்கிற தேசத்தை நான் வேறெங்கும் கேள்விப்படவில்லை. தாளோடு போனால் அந்த ஆள் கோப்பி குடிக்கப் போயிருப்பார். கோப்பி குடித்துவிட்டு வந்தால் கந்தோர் பூட்டுகிற நேரம்.

ஒருவழியாக அவர் முன்னால் இருந்தோம். "இத்தாலிக்கு ஏன் வந்தீர்கள்?" என்று கேட்டார். இவர் வாய் திறக்கமுதல் நான் சொன்னேன்: "பெர் அமோரே." காதலுக்காக. கதைகளில் எந்தப் பெண் எந்த ஊருக்குப் போனாலும் அதற்காகத்தான் போகிறாள். எனக்குத் தெரிந்த காரணம் அது ஒன்றுதான். அவர் எழும்பிப் போய்ப் பக்கத்து அறையில் இருந்த இருவரைக் கூட்டிவந்து, இன்னொரு தரம் சொல்லும்படி கேட்டார். சொன்னேன். மூவரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். காக்கிச்சட்டைக்காரனைச் சிரிக்கவைத்தால் அலுவல் நடக்கும் என்பது எல்லா நாட்டுக்கும் பொது. அன்றைக்கே முத்திரை குத்தினார்கள். இவர் வீடு வரும்வரை என் முகத்தைப் பார்க்கவில்லை.

பிறகுதான் தெரிந்தது, இந்த நகரத்தில் அரைவாசிப் பேர் இத்தாலியனே பேசுவதில்லை. அவர்களுடைய ஊர்ப்பேச்சு வேறு, வாய்க்குள் கூழ் காய்ச்சுவதுபோல. மீன்கடைக்காரன் அதில்தான் விலை சொல்வான். நான் மயிலிட்டியில் பிறந்தவள், மீனின் செவுளைப் பார்க்க எனக்குப் பாஷை தேவையில்லை. ஒருநாள் அவன் பழைய மீனைத் தள்ளப் பார்த்தான். நான் என்னிடம் இருந்த இத்தாலியனில் சொன்னேன்: "பொய் சொல்லாதே. உன் கண்களே உன்னைக் காட்டிக்கொடுக்கின்றன." கடைத்தெரு முழுவதும் நின்று பார்த்தது. அன்று தொடக்கம் அவன் என்னைக் 'கொந்தெஸ்ஸா' என்று கூப்பிடுகிறான். பிரபுப் பட்டம் உள்ள பெண்ணுக்கு அப்படிப் பெயர். நல்ல மீன் தருகிறான், அதனால் விட்டுவைத்திருக்கிறேன்.

இளைஞர்களுக்குப் பயன்படும் குறிப்பு ஒன்று. எங்கள் எழுத்தில் 'ப' ஒன்றுதான். இவர்களுக்கு இரண்டு. அதைத் தெரிந்துகொள்ளாமல் நான் தெருவில் ஒரு கிழவரிடம் வங்கி எங்கே என்று கேட்டேன். அவர் மிகுந்த மரியாதையோடு கையைப் பிடித்துக் கூட்டிப் போய், தெருவோரம் உட்காருகிற வாங்கு ஒன்றில் இருத்திவிட்டுப் போனார். இத்தாலியனில் வங்கி 'banca', வாங்கு 'panca'; அந்த ஓர் எழுத்தில்தான் பிரிகின்றன. ஆனால் எழுத்து இரட்டிப்பதில் வெள்ளைக்காரர் தடுமாறும் இடத்தில் நாம் தடுமாறமாட்டோம். புளியையும் புள்ளியையும் பிறந்த நாள் முதல் பிரித்துச் சொல்கிறவர்கள் நாம். பெருமைப்பட இது ஒன்றாவது இருக்கட்டும்.

கலாசாரம் பற்றி. நான் துடைக்கும் வீடுகளில் ஒன்றில் ஒரு சுவர் முழுக்கப் புத்தகம், பொன்னெழுத்து, தோல் அட்டை. நான் தூசி தட்டும்போது ஒன்றைத் திறந்து பார்த்தேன். தாள்கள் இன்னும் வெட்டப்படவே இல்லை, அச்சில் இருந்து வந்தபடி ஒட்டிக்கொண்டிருந்தன. அந்த வீட்டுக்காரி என்னிடம், "உங்கள் இந்தியாவில் புத்தகங்கள் உண்டா?" என்று கேட்டாள். நான் இந்தியா இல்லை என்று சொல்லிச் சலித்துவிட்டது. உண்டு, வாசித்தும் இருக்கிறோம், என்றேன். பத்திரிகை என்றால் இவர் விளையாட்டுப் பத்திரிகை வாங்குவார். பந்தடிக்கிற ஒருவனின் முழங்கால் நோ பற்றி அதில் ஒரு பக்கம் எழுதுகிறார்கள். தொலைக்காட்சியைத் திருப்பினால் அரை உடுப்போடு ஆடும் பெண்கள், கேள்விக்குப் பதில் சொல்லிப் பரிசு வாங்குகிறவர்கள், யப்பானில் செய்து இத்தாலியனில் பேசுகிற கேலிப்படங்கள். சுகந்தி இத்தாலியன் படித்தது அந்தக் கேலிப்படங்களில். என்னுடையது காதல் கதையில். ஒரு வீட்டில் இரண்டு இத்தாலியன்.

4

அவளுடையதுதான் சரியானது. அது அவளுக்குச் சீக்கிரமே தெரிந்துவிட்டது.

முதலில் நான் தமிழில் கேட்டால் இத்தாலியனில் பதில் சொல்லத் தொடங்கினாள். பிறகு நான் இத்தாலியனில் கேட்டால் பதிலே இல்லை. ஒருநாள் பள்ளிக்கூட வாசலில் மழை தூறியது. ஒரு தாயிடம் குடைக்குள் வரச்சொல்ல நினைத்து நான் ஏதோ சொன்னேன். அங்கே நின்ற பெண்கள் எல்லாரும் வாயைப் பொத்திக்கொண்டார்கள். என்ன சொன்னேன் என்று இன்றைக்கும் தெரியாது. என்னை அணைத்துக்கொள் என்பதுபோல ஏதோ இருந்திருக்கும். சுகந்தி அன்றைக்கு இரண்டு அடி முன்னால் நடந்தாள். வீட்டு வாசலில் சொன்னாள்:

"அம்மா, இனிக் கேற்றடிக்கு வராதேங்கோ. மூலையிலை நில்லுங்கோ. நான் வாறன்."

நான் மூலையில் நின்றேன். இரண்டு வருஷம் நின்றேன். ஆசிரியையை ஒரு தரமும் சந்திக்கவில்லை. பள்ளிக்கூட அலுவலுக்கு இவர்தான் போவார். இவர் முத்திரை குத்தின எந்தத் தாளைக் கண்டாலும் வாசிக்காமல் கையெழுத்து வைக்கிற மனிதர்.

போன கிழமை பள்ளி விட்ட பிறகு, நான் நின்ற மூலைக்கு ஆசிரியையே வந்தா. பெயர் பியேரா, நரைத்த தலை, நல்ல சப்பாத்து. என் கையை இரண்டு கைகளாலும் பிடித்து, ஒரு வார்த்தையும் பேசாமல், வா என்று தலையால் காட்டினா. பின்னால் சுகந்தி சுவரோடு சுவராக நின்றாள்.

வகுப்பறையில் என்னைச் சிறு பிள்ளைகளின் கதிரை ஒன்றில் இருத்தினா. பிறகு வாயை அகலத் திறந்து, சத்தமே இல்லாமல், உதட்டை மட்டும் அசைத்தா. கரும்பலகையில் ஒரு வீடு கீறினா. அதற்குள் ஒரு பெண்பிள்ளை. மலை ஒன்று, மலையில் இன்னொரு வீடு, வாசலில் முக்காடு போட்ட பெண்கள். பிள்ளையில் இருந்து மலைக்கு ஓர் அம்பு. நான் பார்த்துக்கொண்டிருந்தேன். இந்த நாட்டில் பாஷை தெரியாதவளைக் கண்டால் கத்துவார்கள், எனக்கு அது பழக்கம். குரலை இழந்துவிட்ட ஒருத்தியை இப்போதுதான் கண்டேன்.

கதவைத் திறந்துகொண்டு இன்னொரு பெண் வந்தாள். நகரசபையில் பிள்ளைகளின் நலன் பார்க்கிறவளாம். அவளைக் கண்டதும் ஆசிரியைக்குக் குரல் வந்துவிட்டது.

"இதுதான் தாய். பாவம், ஊமை. பிள்ளை முதல் வருஷமே எனக்குச் சொல்லிவிட்டாள். காதும் கேட்காது என்றுதான் நினைக்கிறேன். தகப்பன் விடியமுதல் வேலைக்குப் போகிறான். வீட்டில் அந்தப் பிள்ளையோடு ஒரு சொல் பேச ஆள் இல்லை. கட்டுரை எழுதச் சொன்னால் வெறும் தாளைத் தருகிறாள்."

"கன்னியாஸ்திரிகளின் விடுதியில் இடம் இருக்கிறது" என்றாள் மற்றவள். "கிழமை நாட்களில் அங்கே தங்கட்டும். ஞாயிறில் வீட்டுக்கு வரலாம். தகப்பனை நாளைக்கு வரச்சொல்லியிருக்கிறேன், கையெழுத்து வைப்பான். திங்களில் இருந்து தொடங்கலாம்."

"தாய்க்கு எப்படி விளங்கவைப்பது?"

"கீறிக் காட்டினீர்களே. பாருங்கள், எவ்வளவு அமைதியாக இருக்கிறாள். இந்தச் சனங்கள் பொறுமையானவர்கள்."

நான் சுகந்தியைப் பார்த்தேன். யன்னலோரம் நின்று சப்பாத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். என்னை ஊமையாக்கினால் நான் யாருக்கும் சிரிப்பு மூட்டமாட்டேன் என்று அவள் கணக்குப் போட்டிருக்கிறாள். ஏழு வயதில் போட்ட கணக்கு. தலை நிமிராமல், தமிழில், மெல்லச் சொன்னாள்:

"அம்மா, கதைக்காதேங்கோ."

அந்தக் கணத்தில் எனக்கு வந்தது கோபம் என்று சொல்லமுடியாது. தகரப் பேணியைக் கழுவிக் கவிழ்த்து வைத்தபோது வராத ஓர் அவமானம், நான் பெற்ற பிள்ளையின் வாயில் இருந்து வந்தது. ஆனாலும் நான் வாயைத் திறக்கவில்லை. திறந்தால் அவள் பொய்க்காரி. நாளைக்கு முழுப் பள்ளிக்கூடத்துக்கும் தெரியும். திறக்காவிட்டால் திங்கட்கிழமை அவள் மலையில். இரண்டையும் மாறி மாறி நினைத்துப் பார்த்தேன்.

அப்போது நகரசபைக்காரி குனிந்து, மாட்டைத் தடவுவதுபோல என் கையைத் தடவினாள். நான் எழும்பினேன்.

எனக்குத் தெரிந்த இத்தாலியன் ஒன்றுதானே. அதில்தான் சொன்னேன்.

"போதும் சீமாட்டிகளே. அனைத்தையும் கேட்டேன். என் மௌனத்தைச் சம்மதம் என்று எண்ணிவிட்டீர்கள். இந்தக் குழந்தை என் இரத்தம். என் இதயம் துடிக்கும்வரை அவள் என் கூரையின் கீழ்தான் உறங்குவாள். உங்கள் கன்னியாஸ்திரிகளிடம் போய்ச் சொல்லுங்கள்."

ஆசிரியை மேசையைப் பிடித்துக்கொண்டா. நகரசபைக்காரி கையை எடுத்துவிட்டாள்.

"நீங்கள் பேசுவீர்களா?" என்றா ஆசிரியை.

"பேசுவேன். என்னை ஒருவரும் கேட்கவில்லை."

"சுகந்தி சொன்னாளே..."

"அவள் சொன்னது நான் சொல்லச் சொன்னதை. என் மொழி உங்கள் செவிக்குத் தகுதியானது அல்ல என்று, பேசுவதில்லை எனச் சபதம் எடுத்திருந்தேன். அந்தச் சபதம் இன்றோடு முடிந்தது."

சபதம் என்ற சொல் எந்தக் கோப்பையைச் சுற்றி வந்தது என்று தெரியவில்லை, நல்ல நேரத்தில் வந்தது. சுகந்தி நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்க்கவில்லை.

நகரசபைக்காரியின் முகம் கொஞ்சம் கொஞ்சமாக மாறியது. "இந்தப் பேச்சை நான் எங்கேயோ..." என்று தொடங்கியவள் சிரிப்பை அடக்கமாட்டாமல் கைக்குட்டையை எடுத்தாள். "என் அம்மா அந்தக் காதல் படக்கதைகளை மெத்தைக்கு அடியில் ஒளித்து வைத்து வாசிப்பா. நானும் திருடி வாசித்திருக்கிறேன். எங்கே படித்தீர்கள்?"

"என் ஊரில். கிழிந்த தாள்களில்" என்றேன். நான் சிரிக்கவில்லை. தங்களுடைய பாஷையைத் தாங்களே மெத்தைக்கு அடியில் ஒளிக்கிற சனங்களோடு சேர்ந்து சிரிக்க எனக்கு மனம் வரவில்லை.

பிறகு நான் கேட்டேன்: அவள் வெறும் தாள் தந்த கட்டுரைகள் எவை. ஆசிரியை சொன்னா. என் தாய். எங்கள் வீட்டில் ஒரு மாலை. அம்மா எனக்குச் சொன்ன கதை. சொல்லி முடித்ததும் ஆசிரியை சுகந்தியைத் திரும்பிப் பார்த்தா. படித்த பெண், தானே விளங்கிக்கொண்டிருப்பா. ஊமையைப் பற்றிப் பிள்ளை என்னத்தை எழுதும்.

விடுதிக் கதை அன்றோடு நின்றது. இவர் வரவேண்டாம் என்றும், மாதம் ஒருமுறை நான் வந்தால் போதும் என்றும் சொன்னார்கள். ஆசிரியை வாசல்வரை வந்து வழியனுப்பினா. போகும்போது மட்டும் பழக்கதோஷத்தில் கையை ஆட்டி, உதட்டை அசைத்து, சத்தமில்லாமல் போய்வாருங்கள் என்றா. நான் சத்தமாகவே போய்வருகிறேன் என்றேன்.

5

ஜெனோவா கடலில் இருந்து நேரே மலையில் ஏறுகிற ஊர். எங்கள் வீட்டுக்கு நீளமான படிக்கட்டு ஒன்று ஏறிப் போகவேண்டும். நான் முன்னால் போனேன். சுகந்தி பின்னால் வந்தாள். நாங்கள் வழக்கமாக நடப்பதற்கு அது மறுவளம்.

நான் ஒன்றும் பேசவில்லை. அவளைத் தண்டிப்பதற்காக இல்லை. ஏசவேண்டும் என்றுதான் இருந்தது, எந்தப் பாஷையில் என்று பிடிபடவில்லை. தமிழில் ஏசினால் அவளுக்கு அரைவாசிதான் போய்ச் சேரும். 'அடி சனியன்' என்பதைச் செல்லம் என்று நினைத்துக்கொள்வாள். இத்தாலியனில் ஏசினால், துரோகம் செய்த கணவனை ஒரு கொந்தெஸ்ஸா ஏசுவதுபோல இருக்கும். பெற்ற பிள்ளையை ஏச எனக்கு உருப்படியாக ஒரு பாஷை இல்லை என்பது அந்தப் படிக்கட்டில்தான் தெரிந்தது. நாலு வருஷம் இந்த நாட்டையும் இதன் சனங்களையும் இளக்காரமாகப் பார்த்துக்கொண்டே காலத்தைக் கழித்துவிட்டேன். என் வீட்டுக்குள் பாஷை இல்லாமல் போனதைப் பார்க்கவில்லை.

பாதி வழியில் காலடிச் சத்தம் நின்றது. திரும்பிப் பார்த்தேன். படியில் இருந்துவிட்டாள்.

"அடிக்கப்போறியளோ?"

நான் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"அப்பாட்டைச் சொல்லுவியளோ?"

கீழே துறைமுகத்தில் ஏதோ கப்பல் ஊதியது. ஒரு கிழவி காய்கறிப் பையோடு எங்களைத் தாண்டி ஏறிப் போனாள். சுகந்தி அவள் மறையும்வரை பொறுத்திருந்தாள். பிறகு அழத் தொடங்கினாள்.

"அம்மா, கதையுங்கோ."

"எந்தப் பாஷையிலை?"

"எதெண்டாலும்."

நான் இரண்டு படி இறங்கி அவளுக்குப் பக்கத்தில் இருந்தேன். கதைத்தேன். மீன்கடைக்காரன் வைத்த பட்டத்தைச் சொன்னேன், பொலிஸ் கந்தோரில் மூன்று பேர் சிரித்ததைச் சொன்னேன், பண்டத்தரிப்பில் ஒரு மனிதர் வினைச்சொல்லை ஆறு விதமாகச் சொல்லித் தந்ததையும், பேணியையும் சொன்னேன். பாதி தமிழ், பாதி இத்தாலியன், வந்த வாக்கில். ஓரிடத்தில் அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டே, "அப்பிடியில்லையம்மா" என்று என் வினைச்சொல் ஒன்றைத் திருத்தினாள்.

அவள் சொன்னபடி அதைத் திருப்பிச் சொல்லிவிட்டு, விட்ட இடத்தில் இருந்து தொடர்ந்தேன்.